முப்பத்தெட்டில் ஒன்று

கொலக்கம்பை ஸ்கூல், ஒன்பதாம் வகுப்பு.
சார்ட்டில் மூன்று கட்டம் போட்டேன்:
வேண்டும், வேண்டாம், தெரியாது.
ஆளுக்கொரு ஸ்டிக்கர் பொட்டு.
கேள்வி, வகுப்புக்கு டேப்லெட்.

‘வேண்டும்’ கட்டத்தில் இடமில்லாமல்
பொட்டின்மேல் பொட்டு.
பெள்ளிராஜ் மட்டும் வேண்டாமில்:
“மேகம் இறங்கினா சுத்திக்கிட்டே நிக்கும் சார்,
கரும்பலகை சுத்தாது.”

லீலாவதி கோட்டின்மேலேயே ஒட்டினாள்.
எந்தப் பக்கம்மா?
“இங்கயே இருந்தா வேணும்.
வீட்டுக்குக் குடுத்தா வேணாம்,
அப்பா அடகு வெச்சிரும்.”

ராத்திரி கணினியில் ஏற்றினேன்.
வட்டப்படம் வட்டமாகத்தான் வந்தது,
நீலம், மஞ்சள், கொஞ்சம் சாம்பல்.
கூட்டினால் முப்பத்தேழு.

காலையில் குன்னூரிலிருந்து போன்:
ஒரு பிள்ளை ஆப்சென்ட்டா சார்?

முதல் பெஞ்சில்
ஈர ஸ்வெட்டரைப் பிழிந்துகொண்டிருந்தாள்.