ஆறாவது மிதவை

கொம்பனித்தெருவில் முதல் ரயில் போகுமுன்
பேர வாவியில், தோணியில் குந்தியபடி
ஆற்றுவாழை அள்ளினேன்.
நேற்று அள்ளிய அதே இடம்.

ஐந்து மிதவைதான் இருந்தது. ஆறாவதைக்
கபரகொய்யா கடித்ததோ, என் முடிச்சோ.
சொல்ல நேரமில்லை, படகு வந்துவிட்டது.
பின்னால் ஒற்றைப் பலகையில் ஷிஃபானா.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கயிறு குட்டை.
கைப்பிடி இடுப்போடு, முழங்கால் மடிந்து,
தோள் நீரை உரசும் சாய்வு.
பச்சைத் தண்ணீர் சுவராய் எழுந்து
என் முகத்தில் உடைந்தது.
கூழைக்கடா ஒன்று அலுத்துக்கொண்டு பறந்தது.

மூன்று, நான்கு, ஐந்து.
ஆறாவது இருந்த இடத்தில்
வெறும் தண்ணீர்.
அதையும் சுற்றிக்கொண்டு போனாள்,
ஒரு சாண்கூடப் பிசகாமல்.

கொப்பியில் ஆறு என்றே எழுதினேன்.

பிறகு முக்குளித்துக்
கயிற்று நுனியைத் தேடிப் பிடித்தேன்.
பல்தடம் இல்லை.