மொழிபெயர்ப்பாளிக்கு விடுமுறை

பீன்யா பாலத்தில் காலை ஐந்தேகால்.
பின்னிருக்கையில் இகராஷி.
சட்டை, கால்சட்டை, தலையில் முடிந்த துணி
எல்லாம் வெள்ளை.
டிரைவர் தொட்டையா கண்ணாடியில் பார்த்துவிட்டு
கன்னடத்தில் கேட்டார்:
அவர் வீட்டில் யாராவது தவறிட்டாங்களா?

மொழிபெயர்த்தேன்.

ஆமாம், நான்தான் என்றார் இகராஷி.

ஹகுரோ மலையில் அப்படித்தானாம்.
பிணத்துக்கான துணியை உடுத்தி ஏறுவார்கள்.
மலை ஒரு வயிறு.
உள்ளே கிடந்து, பிறந்து, இறங்குவார்கள்.
நடுவில் ஒரு ராத்திரி
கதவடைத்த அறையில்
கரியில் மிளகாய் போட்டுப் புகைப்பார்கள்.
எங்கள் வீட்டில் அதற்குத் திருஷ்டி என்று பேர்,
ஆனால் கதவைத் திறந்துவைப்போம் என்றேன்.

முன்னால் போகிறவர் எது சொன்னாலும்
பின்னால் வருகிறவருக்கு ஒரே பதில்.
அருவியில் நில்.
உகெதமோ.
சோறு இவ்வளவுதான்.
உகெதமோ.

பதினோரு வருடமாக
இரண்டு வாய்களுக்கு நடுவே
சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன்.
அந்தச் சொல்லைத் தமிழில் இறக்கிவைக்க
இடம் கிடைக்கவில்லை.
சரி என்றால் சின்னதாய் இருக்கிறது.
உத்தரவு என்றால் முதுகு வளைகிறது.
ஆகட்டும் கொஞ்சம் கிட்டே வருகிறது,
ஆனால் அது கொடுக்கிறவர் சொல்,
வாங்குகிறவருடையது அல்ல.

டாபஸ்பேட்டை தாண்டி சிவகங்கெ.
(நம் சிவகங்கை இல்லை.)
முதல் படியில் அவர் விரலை உதட்டில் வைத்தார்.
இனிமேல் பேச்சு கிடையாது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஞாயிற்றுக்கிழமையின் அர்த்தம்
அன்றுதான் தெரிந்தது.

ஒரு குரங்கு அவர் சங்கைப் பிடித்து இழுத்தது.
கொடுத்துவிட்டார்.
அது கடித்துப் பார்த்துவிட்டு
திரும்ப வீசியது.
வெள்ளரிக்காய்க்காரி கேட்டாள்,
ஸ்வாமி எந்த மடம்?
நான் வாயைத் திறக்கவில்லை.

ஒளகல்லு தீர்த்தத்தில்
பாறைக்குள் உரல் மாதிரி ஒரு குழி.
கைவிட்டால் சிலருக்குத் தண்ணீர் தட்டுப்படும்,
சிலருக்கு இல்லை.
குப்புறப் படுத்து, தோள்வரை விட்டு,
கன்னம் பாறையில் அழுந்த
வெகுநேரம் துழாவினார்.
எடுத்த கை காய்ந்திருந்தது.
குழியைப் பார்த்துச் சொன்னார்
மலையில் அவர் பேசிய ஒரே சொல்லை.

அடுத்து நான்.
ஈரத்தைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டேன்,
அவர் பார்க்காதபோது.

உச்சியில் நந்தியைச் சுற்றக் கால் வைக்க இடமில்லை.
கம்பியைப் பிடித்தபடி சங்கு ஊதினார்.
கீழே தும்கூர் ரோட்டில்
ஏதோ ஒரு லாரி
பதில் கொடுத்தது.

திங்கட்கிழமை, ஆலை, மூன்றாவது ஷெட்.
சாம்பல்நிறச் சீருடையில் இகராஷி
நகோயாவிலிருந்து வந்த தாளை வாசிக்க வாசிக்க
கன்னடத்தில் சொன்னேன்.
நாற்பத்திரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள்.
மாத முடிவோடு சரி.
அந்தத் தாள் வந்தபோது
அவர் என்ன சொல்லியிருப்பார் என்று
எனக்குத் தெரியும்.

சித்தகங்கம்மா இரண்டாம் வரிசையில் நின்றாள்.
அந்த மலையடிவாரத்துக்காரி,
மலைத் தண்ணீரைத் தேடி யாரும் படுக்கத் தேவையில்லாத
குழாயடி வீடு.
கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்:
யாகெ?

ஏன் என்று கேட்கிறாள், சொன்னேன்.

அவர் தாளைப் புரட்டினார்.
பின்பக்கம் வெள்ளை.
உதடு ஏதோ ஒரு சொல்லுக்குக் குவிந்து
அப்படியே நின்றது.

அவருக்கு முதல் தடவையே கேட்டிருந்தது.
சித்தகங்கம்மாவும் மறுபடி கேட்கவில்லை.

மறுபடி மொழிபெயர்த்தேன்,
கொஞ்சம் சத்தமாக.