ஏழாம் வண்டி

டலூத்தில் மூன்றாம் நாளாகப் பனி.
ஆர்லிஸ் ஹெக்லண்ட் புது ஸ்கேனரின் பெட்டியைப் பிரித்தாள்.
எண்கள் ஓடின, நின்றன, ஓடின.
போலீஸ் அலைவரிசை வந்ததும்
தகரத்தில் மணல் கொட்டுவதுபோல் ஓர் இரைச்சல்.

கருவியில் பழுதில்லை.
ஆன்டெனாவை ஜன்னலுக்கு மாற்றினாலும்
இன்னும் இருநூறு டாலர் கொடுத்தாலும்
அந்தப் பூட்டுக்குக் கடையில் சாவி கிடையாது.
விற்கிறேன் என்பவன் பொய்யன்.

திருப்பிக் கொடுத்துவிடலாமென்று ரசீதைத் தேடினாள்.
கை தவறி ஏதோ பொத்தான்.

"ஏழாம் வண்டி. மேசாபா சாலையில் ஒரு மான்.
நகரமாட்டேன் என்கிறது."
"உப்பைத் தூவிப் பார்."
சிரிப்பு.

பனி வாரும் வண்டிக்காரர்கள்.
இவர்களை யாரும் பூட்டவில்லை.

ரசீது மேசையடியிலேயே கிடந்தது.
மான் போய்விட்டதா என்று
இரண்டு மணிவரை
யாரும் சொல்லவில்லை.