ஓடோ, தகரமோ

மாங்குளம் சந்தியில என்ர கடை.
பழைய கறண்ட் பில்லின் பின்பக்கம்தான் கணக்குத் தாள்.

நிறைமதி வந்தாள், ஒட்டுசுட்டானில இருந்து,
சீட்டு எடுத்த காசோட.
"இந்தக் கார்ட் போட்டா எத்தினை பிறேம் வரும்?"

நாலு கோர்.
எட்டு ஜிபி ராம், ஒற்றைக் குச்சி,
அதுக்கு ஒரு கழிவு.
ஆரோ பாவிச்ச கார்ட், அதுக்கும் கொஞ்சம்.
திரை ஆயிரத்து எண்பது, செற்றிங் நடுத்தரம்.
நாற்பத்தேழு எண்டு எழுதி
கீழ இரண்டு கோடு இழுத்தன்.
கோடு இழுத்தா ஆக்கள் நம்புவினம்.

மற்ற நாள் மத்தியானம் போன்:
"இருபத்தொன்பது, அண்ணை.
வளைவில திரும்பேக்க லொறி
விக்கி விக்கி நிக்குது."

டிரைவர் பார்த்தம். வோல்டேஜ் பார்த்தம்.
"நிழலை நிப்பாட்டிப் பாரும்,
பதினொரு பிறேம் கூடும்."

மௌஸ் சொடுக்கிற சத்தம். பிறகு ஒண்டுமில்லை.
"கூடுது. ஆனா மரமெல்லாம்
வெட்டி ஒட்டின மாதிரி நிக்குது.
வெறும் வெயிலுக்கை லொறி விடவோ
நான் சீட்டு எடுத்தனான்?"
திரும்பப் போட்டுவிட்டாள்.

இரவு இரண்டு மணிக்கு ஒரு படம்:
மூலையில பச்சை இலக்கம், நாற்பத்தாறு.
பேர் தெரியாத நாட்டு மரமொண்டின் நிழல்
தார் ரோட்டில நீட்டுக்கு.
கீழ ஒரு வரி:
"தகரம் ஆறீட்டுது."

என்ர கணக்கில கோர் இருந்தது, ராம் இருந்தது,
சித்திரை மாதத் தகரம் இல்லை.

இப்ப ஆர் வந்து எத்தினை பிறேம் எண்டாலும்
பேனை மூடி கழட்ட முதல் கேக்கிறன்:
வீடு ஓடோ, தகரமோ?