நாற்பது நொடி

காரணம்பேட்டைக்கு இன்னும் மூணு மைல்.
சென்னியப்பன் குஞ்சு பொரிப்பகத்தில்
பன்னிரண்டாயிரம் முட்டைக்கு இன்று பதினாறாம் நாள்.
ஜெனரேட்டர் ரிப்பேருக்குப் போயிருக்கிறது.
கன்ட்ரோல் பெட்டி செத்துச் செத்துப் பிழைக்கிறது.

"போன வாரந்தானுங் அம்மிணி புதுசு ஏத்துனாங்க.
கரண்ட் போயிட்டு வந்தாப் போதும், பேயாட்டம் ஆடுதுங்."

மூடியைக் கழற்றினேன். கருகல் வாடை இல்லை.
விசிறி நல்ல விசிறி, ஹீட்டர் நல்ல ஹீட்டர்.
ஆனால் விசிறிக்குத் தான் விசிறி என்று தெரியாது.
சென்சார் ஏதோ ஒரு வோல்டைச் சொல்லும்,
அதை முப்பத்தேழரை டிகிரி என்று வாசிக்க
நகமளவு சில்லுக்குள் சில ஆயிரம் வரி வேண்டும்.
ஃபர்ம்வேர்.
கரண்ட் போனால் அழியாது. வந்ததும்
முதல் வரியிலிருந்து படிக்கும்:
இது உன் கை, இது உன் கண்,
மணிக்கொரு தரம் தட்டைச் சாய்.
அந்த வரிகள் இல்லையென்றால் பெட்டியில்
சோளம் கொட்டி வைக்கலாம்.

லேப்டாப்பில் பழையதையும் புதியதையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
பிரணவ் நன்றாகத்தான் எழுதியிருந்தான்,
என்னைவிடச் சுத்தமாக.
ஒரு வரி மட்டும் காணோம்:
'நாற்பது நொடி சும்மா இரு.'
வீண் என்று தூக்கிவிட்டான்.
காரணம் எழுதாமல் விட்டவள் நான்தானே,
எட்டு வருசத்துக்கு முன்னால்,
இதே முட்டைத் தட்டுமேல் உட்கார்ந்து.

பழையதை ஏற்றினேன். பேட்டரி ஒன்பது சதவீதம்.
எழுபதில் கொஞ்சம் நின்றது,
நானும் மூச்சு விடவில்லை.

ஒன்பதே முக்காலுக்குத் தானாகவே கரண்ட் போனது.
வந்தது.
பெட்டியில் ஒரு பச்சைப் புள்ளி. வேறெதுவும் இல்லை.
"என்னுங், ஒண்ணும் ஓடலையே?"
"இருங்க."

வெளியே குடோன் குடோனாகத் தறிகள் எழுந்தன,
ஸ்விட்சை அணைக்காமல் போன அத்தனையும் ஒரே மூச்சில்.
பல்பு மஞ்சளாகி, சிவந்து, கம்பி மட்டும் தெரிந்தது.
சென்னியப்பன் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.
மெல்ல வெளிச்சம் திரும்பியது.
பிறகு விசிறி.
பிறகு ஹீட்டர், ரிலேயின் 'டக்'.
தட்டு அந்தப் பக்கம் சாய்ந்தது.

"இத்தன நேரம் அது என்னுங் பண்ணுச்சு?"
"தறிக்கு வழி விட்டுச்சுங்க."

கிளம்புமுன் அந்த வரிக்கு மேலே
தமிழிலேயே எழுதி வைத்தேன்:
பிரணவ், இதை அழிக்காதே.
சந்தேகம் இருந்தால் பல்லடத்துக்கு பஸ் ஏறு.
கரண்ட் போகும்வரை இரு.