பாதிக்கு ஒன்று குறைவு

பீப்பாய் செய்கிறவன் நான், எலிஃபலெட் க்ரோ.
ஒரு பலகை குறைந்தால் என்ன ஆகும் என்று
எனக்கா தெரியாது?

செப்டம்பர் செவ்வாய்க்கிழமை.
ஆராதனைக் கூடத்து வாசலெல்லாம் சேறு.
டீக்கன் பீஸ்லியின் தொப்பியை மல்லாத்தி வைத்து
ஆளுநருக்கான சீட்டுகளை அதில் போடச் சொன்னார்கள்.
கர்னல் ஹேசல்டன், அல்லது நீதிபதி லூமிஸ்.
ஒருவர் என் மைத்துனனைக் கடனுக்காகச் சிறையில் வைத்தவர்.
மற்றவர் அதற்குக் கையெழுத்திட்டவர்.
நான் எழுதியது: இக்கபாட் டோ, படகோட்டி.
ஜூனில் செத்தவன். எனக்கு இரண்டு பீப்பாய்க்குப்
பணம் பாக்கி வைத்தவன்.
மடித்துப் போடும்போது சிரிப்பு வந்தது.

அக்டோபரில் எண்ணினார்கள்.
மொத்தம் நாலாயிரத்து இருநூற்றுப் பதினொன்று.
ஹேசல்டனுக்கு இரண்டாயிரத்து நூற்றைந்து.
விரல்விட்டுப் பார்த்தேன். கரியால் சுவரில் போட்டுப் பார்த்தேன்.
பாதிக்கு ஒன்று குறைவு.
உதிரி வாக்குகள் நூற்று அறுபத்தாறு என்றது செய்தித்தாள்,
களத்தில் சிந்திய தானியம்போல, பெயர் சொல்லாமல்.

பாதி தாண்டாவிட்டால் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும்.
அதுதான் விதி.
கதவைச் சாத்தினார்கள். கணப்பில் விறகு போட்டார்கள்.
மூன்று சுற்று.
ஹேசல்டனுக்கு என்று ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்
டீக்கன் பீஸ்லி.
வாக்கு வேறு, வாக்கு வேறு போலும்.
லூமிஸ் ஆளுநர் ஆனார். பீரங்கி முழங்கியதாம்;
மழையில் இரண்டு குண்டு வெடிக்கவில்லையாம்.

பீஸ்லி திரும்பி வந்தார்,
சேணப்பையில் ஒரு முத்திரையிட்ட தாளோடு:
ஆற்றின் மேல் பாலம் கட்டவும் சுங்கம் வாங்கவும்
அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் நாற்பது ஆண்டு உரிமை.

அது டோ படகு விட்ட துறை.

இப்போது வண்டிக்கு ஆறு சென்ட்.
பாலத்தின் கீழே அவன் படகு கவிழ்ந்து கிடக்கிறது,
யாருடைய கோழியோ அதில் அடைகாக்கிறது.
நான் காசு கொடுக்கிறேன். பீஸ்லியின் மகன்
பல்லால் கடித்துப் பார்த்து வாங்குகிறான்.

மனைவிக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை.
ஆனால் பனி இறங்கும் இரவுகளில் நினைப்பேன்:
இந்த மலைகளுக்கு இடையே எங்கெங்கோ
இன்னும் நூற்று அறுபத்தைந்து பேர்,
செத்தவனையோ மாமனையோ தன் எருதையோ எழுதிப் போட்டவர்கள்,
இதே கணக்கைச் சுவரில் கிறுக்கிவிட்டு
நான்தான் அந்த ஒன்று,
நான்தான், என்று
புரண்டு படுத்திருப்பார்களோ.

காலையில் வண்டியில் எட்டுப் பீப்பாய்.
ஒன்று ஒழுகுகிறது.
எது என்று தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.