பதினொன்றுக்குக் கீழே

கரையில் நிற்பவருக்கு எல்லாக் கடலும் உப்புதான்.
தோர்கில் கோஃபோட் விரலை நனைத்து
நக்கிவிட்டுச் சொல்கிறார்:
"கரிக்கிறதே, இன்னும் என்ன?"

போர்ன்ஹோம் தீவு, நெக்ஸோ துறைமுகம்,
மீன் ஏல மண்டபத்துக்குப் பின்னால் என் ஆய்வறை.
இருப்பது ஒரே ஸ்டூல். அதில் அவர்.

காட் மீன் முட்டைக்கு நாக்கு கிடையாது என்கிறேன்.
அதற்குத் தெரிந்தது மிதப்பதும் அமிழ்வதும்.
ஒரு கிலோ கடல்நீரில் பதினொரு கிராம் உப்பு இருந்தால்
நடு ஆழத்தில் தொங்கும், பொரியும்.
குறைந்தால் இறங்கும்,
மூச்சுக்கு வழியில்லாத கறுப்புச் சேற்றுக்கு.

அறுபது மீட்டர் ஆழத்தில் அள்ளிய குப்பி.
அதிலிருந்து பதினைந்து மில்லி, பிப்பெட்டில்.
சில சொட்டு குரோமேட்: தண்ணீர் எலுமிச்சை மஞ்சள்.
மேலே பியூரெட்டில் வெள்ளி நைட்ரேட்.
திருகைத் திறக்க, சொட்டு விழ விழ,
கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடந்த குளோரைடு
ஆளுக்கொரு வெள்ளியைப் பிடித்துக்கொண்டு
திரிந்த பாலாய் வெளியே வருகிறது.
பிடிக்க ஆள் தீர்ந்தபின் வரும் வெள்ளிதான்
மஞ்சளைச் செங்கல்லாக்கும்.
அந்த ஒரு சொட்டுக்காகத்தான்
குடுவையை இப்படிச் சுழற்றிக்கொண்டே இருப்பது.

முதல் தடவை, பத்து புள்ளி நான்கு.
இரண்டாவதும் நான்கு. இல்லை, ஐந்து;
கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து
மறுபடி பார்த்தேன்.

மூன்றாவதில் யாரோ கதவைத் திறந்தார்கள். காற்று.
கை வழுக்கி, ஒரு மில்லி சர்ரென்று போனது.
குடுவை முழுக்கச் சிவப்பு.
இருக்கட்டும் என்று கணக்குப் போட்டேன்:
பதினொன்று புள்ளி ஒன்று.

அவர் எழுந்துவிட்டார். "அதை எழுது."

புது எஞ்சினுக்கு இன்னும் நாலு தவணை.
அதை அவர் சொல்லவில்லை;
நெக்ஸோவில் எல்லோருக்கும் தெரியும்.

ஒற்றைக் கோட்டால் அடித்தேன்.
அடித்தது படிக்கத் தெரிய வேண்டும், அதுதான் விதி.
பக்கத்தில் காரணம்: 'கதவு'.

நான்காவது, பத்து புள்ளி நான்கு.

மீதி நீரைக் கேட்டார். கொடுத்தேன்.
குப்பியோடு துறை விளிம்புவரை போய்
ஊற்றாமல் வெகுநேரம் நின்றார்.

மறுநாள் காலை என் கட்டைவிரலில்
வெள்ளி தெறித்த இடம் கறுத்திருந்தது.
எந்த சோப்புக்கும் கரையாத கறை.
ரொட்டிக் கடையில் இங்கெபோர் "எத்தனை?" என்றாள்.
"பத்து புள்ளி நான்கு" என்றேன்.

அவள் கேட்டது பன்.